மஞ்சள் தடவிய மீன்

என் ஆராய்ச்சிக் கைடு நல்லவர் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். வந்தவர்களுக்கு டீ போடுகிறேன் என்று பெயர். உட்கார்ந்திருந்தால் வாயில் என்ன வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரே சர்ச். அந்தப் பாதிப் பேருக்கும் அவரைத் தெரியும். "எவ்ளோ படிச்ச மனுஷன், எவ்ளோ எளிமை" என்பார்கள். எளிமைதான். இன்றைக்கும் பழைய ஸ்கூட்டரில்தான் வருகிறார். கழுத்தறுக்கக் கார் வேண்டும் என்று யார் சொன்னது?

என்னை ஆராய்ச்சிக்குச் சேர்த்ததே அவர்தான். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். "சார், இந்தப் பொண்ண எங்கிட்ட விடுங்க. என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே காபி கொண்டுவந்தாள். காலில் விழுகிற பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது. அன்றைக்கு யாராவது விழு என்று சொல்லியிருந்தால் விழுந்திருப்பேன்.

ஆற்று மீனில் உலோக நஞ்சு. இதுதான் என் தலைப்பு. தாம்பரத்திலிருந்து குன்றத்தூர்ப் பக்கம் போகிற வழியில் ஒரு பாலம் வரும். அதற்குக் கீழே இருப்பது ஆறு என்று அரசாங்கம் சொல்கிறது. மழைக்காலத்தில் அது நம் வீட்டுக்குள் வந்து விசாரிக்கும். மற்ற மாதங்களில் நாம்தான் அதைத் தேடிக்கொண்டு போக வேண்டும். பாலத்துக்குச் சற்று மேலே ஒரு ஓடை வந்து சேர்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகைகள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கி எடுக்கிற தொழில். கழுவின தண்ணீர் எங்கே போகும்? ஓடைக்குத்தான். ஓடை சேர்வதற்கு மேலே பிடித்த மீன், சேர்ந்த பிறகு பிடித்த மீன், இரண்டிலும் எவ்வளவு காரீயம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிடுவதற்குத் தூரத்தில் ஒரு ஏரியின் மீன். கேட்க எளிய வேலை.

பாலத்தடியில் ஒரு அக்கா மீன் விற்பார். புருஷன் விடியலில் வலை வீசுவார், இவர் பிளாஸ்டிக் டப்பில் போட்டு உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை, கொஞ்சம் கெளுத்தி. முதல் நாள் நான் போய், "அக்கா, ஓடை சேர்ற எடத்துல பிடிச்ச மீன் மட்டும் நாளைக்கு எனக்குத் தனியா எடுத்து வைங்க, காலேஜ் ஆராய்ச்சிக்கு" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

மறுநாள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டுகிறார். திறந்து பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. செதில் சீவி, தலையை நறுக்கி, குடலை எடுத்து, நான்கு தண்ணீரில் அலசி, உப்பும் மஞ்சளும் தடவி, பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார். எனக்கு வேண்டியது செவுளும் ஈரலும். அதுதான் நஞ்சு சேர்கிற இடம். அவற்றைப் பாலத்துக் கைப்பிடிமேல் காக்கைகள் தின்றுகொண்டிருந்தன.

"இன்னா மேடம் அப்டி பாக்கற? படிக்கிற பொண்ணு, பஸ்ல எடுத்துகினு போவ சொல்லோ கவுச்சி அடிக்கும்னு நானே ஆஞ்சி, மஞ்ச தடவி வெச்சேன்" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மீனை ஆயவே கூடாது, கத்தி படக்கூடாது, கழுவக்கூடாது, பிடித்தபடியே என் கவரில் போட வேண்டும் என்று விளக்கினேன். அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அட கஸ்மாலமே! நாங்க தூக்கிப் போடறதத்தான் நீ படிக்கிறியா?"

அந்த மஞ்சள் மீன் பரிசோதனைக்கு உதவாது. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டு, "ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும்" என்றார். அதன் பிறகு அந்த அக்கா ஒரு நாளும் தவறு செய்யவில்லை. வலையிலிருந்து கழற்றின கையோடு, துள்ளத் துள்ள என் கவரில் போடுவார். மீனைத் தொட வந்த ஒரு வாடிக்கையாளரின் கையைத் தட்டிவிட்டு, "அது மேடத்தோட டெஸ்ட் மீனு, தொடாத" என்று அதட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குச் சார் வீட்டில் கேக் சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கதையை நடித்துக் காட்டினேன். சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எல்லா மீனையும் அப்படியா மா குடுத்தாங்க?" என்று கேட்டார். "இல்ல சார், அந்த ஒரே நாள்தான். அதுவும் எங்க வீட்டுக் குழம்புக்குப் போயிடுச்சு" என்றேன். இதை இங்கே அழுத்திச் சொல்லிவைக்கிறேன். அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

அக்காவுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்திருந்த இடம் படப்பைப் பக்கம். ஒரு நாள் மீனைக் கவரில் போட்டுவிட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எம் பொண்ணு மாசமா கீறா. ரெண்டு தபா கலைஞ்சி போய் இப்பதான் நின்னுகீது. நான்தான் குடுத்தனுப்பறேன், அவ வூட்ல எந்நேரமும் இந்த மீன்தான். நீ என்னென்னவோ படிக்கிற, எனக்கு அதெல்லாம் தெரியாது. இத்த அவ துன்னலாமா, கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ரிசல்ட் வந்ததும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்" என்றேன். அதற்கு அப்புறம் என் ஆராய்ச்சிக்குத் தலைப்பு ஒன்றாகவும் கேள்வி வேறாகவும் ஆகிவிட்டது. இராத்திரி படுத்தால் அந்தப் பெண்ணின் வயிறுதான் கண்ணில் நிற்கும். வயிற்றுப் பிள்ளைக்குக் காரீயம் போனால் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்று படித்திருந்தேன். பட்டம், பேப்பர் எல்லாம் அப்புறம்.

எங்கள் லேபில் காரீயத்தை அளக்கிற மெஷின் கிடையாது. மீனைக் காயவைத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஏரி மீன் பரவாயில்லை. ஓடைக்கு மேலே பிடித்த மீனும் ஏதோ தேவலாம். ஓடை சேர்ந்த பிறகு பிடித்த மீன் எல்லாவற்றிலும் காரீயம் எல்லை தாண்டியிருந்தது. கொஞ்ச நஞ்சமாகத் தாண்டவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "திரும்பப் பண்ணு" என்றார். அதுதான் முறை. திரும்ப மீன் வாங்கி, திரும்பக் கரைத்து, திரும்ப அனுப்பினேன். அதே விடை. என் தோளில் தட்டினார். "பெரிய வேலை மா இது."

"சார், அந்த அக்காகிட்ட சொல்லிடட்டுமா?"

"கண்டிப்பா சொல்லு. மனுஷங்களுக்காகத்தானே இதெல்லாம் பண்றோம்?"

அவரே சொன்னார். அவர் வாயால் சொன்னார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி ஓடிப்போய் உளறவில்லை.

அக்காவிடம் சொன்னேன். டப்பைப் பார்த்தபடி, "இத்தினி நாளா துன்னது?" என்றார். இனிமேல் நிறுத்தினால் நல்லது, டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்றேன். அன்றே மகளுக்குப் போன் போட்டார். அதோடு விடவில்லை. நின்று விலை கேட்டவர்களிடம், "கொயந்தைங்க கீற வூடுன்னா வாங்காத, காரீயம் கீதாம்" என்று தன் வியாபாரத்தில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டார். மற்ற மீன்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். புருஷன் ஒரு வாரம் பேசவில்லை. அக்கா அசையவில்லை. "மேடம் சொல்லிச்சி" என்பார். அந்த ஒற்றை வார்த்தையில் என்னை எங்கேயோ உட்கார்த்தி வைத்திருந்தார்.

பேச்சு பரவியது. ஓடைக்கரைத் தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். பேட்டரிக் கொட்டகை முதலாளிகள், அதிகாரிகள், ஊர்க்காரர்கள் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். விளக்கம் சொல்ல வருகிறவர் எங்கள் சார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் போய், "எங்க சார் வராருக்கா, இனிமே யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல முடியாது. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்று நானே அழைத்தேன். முன் வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். மகளுக்கு ஏழாம் மாதம். மண்டப நாற்காலியில் சாய முடியாமல் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

சார் மைக்கைப் பிடித்தார். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற அதே குரல்.

"மக்கள் யாரும் பயப்பட வேண்டியதில்ல. எங்க மாணவி ரொம்ப நல்ல பொண்ணு, உழைப்பாளி. அனுபவம்தான் கொஞ்சம் கம்மி. மீன் குடுத்த அம்மா பாசத்துல என்ன பண்ணிருக்காங்கன்னா, மீனை ஆஞ்சி, மஞ்சள் தடவிக் குடுத்திருக்காங்க. கடையில விக்கற சில மஞ்சள்தூள்ல நிறத்துக்காக காரீயம் கலந்த சாயம் சேக்கறாங்க. மெஷின் கண்டுபிடிச்சது மீன்ல இருந்த காரீயத்த இல்ல. மஞ்சள்ல இருந்த காரீயத்த."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடையில் அதிகாரி சிரித்தார். முதலாளிகள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மீன்காரர், "அடிப்பாவி, மஞ்சள பூசி எங்க பொயப்புல மண்ணைப் போட்டியே!" என்று கத்தினார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். குழப்பம்தான். ஏதாவது சொல்லேன் என்பதுபோல இருந்தது.

கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடித்துக் காட்டிய கதை! நான் சிரிப்புக்காகச் சொன்னதை எடுத்து என் கழுத்தில் வைத்திருக்கிறார். எழுந்தேன். மைக் கொடுக்கவில்லை. இருந்த குரலில் கத்தினேன்.

"சார், அது மொத நாள் ஒரே ஒரு தடவை! அந்த மீன் லேபுக்குப் போகவே இல்ல, உங்களுக்கே தெரியும்! அத வீட்டுக்குக் கொண்டுபோய் கொழம்பு வெச்சு நாங்க சாப்டோம்!"

சார் சிரித்தார். கொஞ்சமும் பதறவில்லை. "பாருங்க, ஆராய்ச்சி பண்ண பொண்ணே சாப்ட்டிருக்கு. நல்லாத்தானே நிக்குது? இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

கைதட்டல். நான் மேலே என்ன பேசினேன் என்று எனக்கே கேட்கவில்லை.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் சாரைப் பிடித்தேன். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"நீ சின்னப் பொண்ணு மா. கொஞ்சம் பெருசா யோசி. நம்ம லேபுக்கு மெஷின் வருது. இனிமே எதையும் வெளிய அனுப்ப வேணாம். உனக்கப்புறம் எத்தனை பிள்ளைங்க படிப்பாங்க?"

"என்ன மெஷின்?"

"மெட்டல் பாக்கறதுதான்."

"யார் சார் வாங்கித் தராங்க?"

ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. இன்னொரு முறை உதைத்தார். "அவங்களும் ஊருக்கு நல்லது பண்ணணும்னு நெனைக்கறாங்க மா" என்று மண்டபத்து வாசலைப் பார்த்துச் சொன்னார். முதலாளிகள் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். காரீயத்தை ஓடையில் விடுகிறவர்கள், காரீயத்தை அளக்கிற மெஷினை எங்களுக்கு வாங்கித் தருகிறார்கள். இவர் வாங்கிக்கொள்கிறார். ச்சீ என்று வந்தது. வாய்விட்டே சொன்னேன். காதில் விழாதவர்போலப் போய்விட்டார்.

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவர் காரணம் இல்லாம பேச மாட்டார். நீ பொது இடத்துல கத்தியிருக்கக் கூடாது" என்றார். நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டேன். "அப்படிச் சொல்லல" என்றார். வேறு எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அடுத்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் முறை. சார் வந்தார். அப்பா நாற்காலி போட்டார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். "இந்த மகளுக்குப் பொறுமையைத் தாரும் ஆண்டவரே" என்று எனக்காக உருகி ஜெபித்தார். நான் கண்ணை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஒரு அமைதி அந்த முகத்தில்.

ஆராய்ச்சியை அதோடு விட்டேன். கல்லூரியில் வேறு யாரும் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. கைடை எதிர்த்த பெண் என்று பெயர் பரவிவிட்டது. மனு எழுதினேன், ஆய்வகத் தாள்களை நகலெடுத்து அதிகாரிகளுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. இப்போது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அது கிடக்கட்டும். எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாலத்தடிக்குப் போனால் அக்கா இல்லை. பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்றார்கள். வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

அடித்து விரட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். சுவரோரம் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மீன் வாசனை.

"அக்கா, இது எங்க பிடிச்சது?"

"நம்ம ஆறுதான்." என் முகம் மாறியதைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னார், "நீ பயப்படாத மேடம். மஞ்சளே போடல. மீன்லயும் தடவல, கொயம்புலயும் போடல. வூட்ல இருந்த மஞ்சத்தூள எல்லாம் கொட்டிட்டேன். எங் கைதாம்மா வெசம் வெச்சிகீது. எனக்கு இன்னா தெரியும்? ஒனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வெச்சிக்காத."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அந்தப் பாவி மேடையில் சொன்னதை இவர் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு இத்தனை நாள் அழுதிருக்கிறார். தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். மஞ்சள் மீன் குழம்புக்குப் போனதைச் சொன்னேன். கிறிஸ்துமஸைச் சொன்னேன். மெஷினைச் சொன்னேன். "உங்க கை ஒரு தப்பும் பண்ணலக்கா. விஷம் மீன்லதான் இருக்கு. தயவுசெஞ்சு இத அவளுக்குக் குடுக்காதீங்க."

அக்கா கரண்டியோடு நின்றார். "அப்போ உங்க சாரு பொய் சொன்னாரா? அவ்ளோ பெரிய மன்சன், எங்களாண்ட வந்து எதுக்கு மேடம் பொய் சொல்லப் போறாரு?"

"பொய்தான்கா. சத்தியமா பொய்."

அக்கா மகளைப் பார்த்தார். அவள் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, மொதல்ல நீங்க வந்து துன்னாதன்னீங்க. நிறுத்திட்டேன். அப்பால உங்க சாரு வந்து துன்னலாம்னாரு. அவரு வராருன்னு எங்கள இட்டுகினு போனதே நீங்கதான். இப்ப மறுபடியும் நீங்க வந்து துன்னாதன்றீங்க. நாளைக்கு உங்க காலேஜ்லருந்து வேற யாருனா வந்து வேற சொல்லுவாங்க. எங்கள இன்னான்னு நெனச்சிகினு கீறீங்க?"



"எனக்குப் பசிக்குதும்மா, போடு" என்றாள் தாயிடம். அக்கா என்னைப் பார்க்காமல் சோற்றில் குழம்பை ஊற்றினார்.